மேட்டுக்கேணியின் குரைப்புக் கணக்கு

நாள் 1 | 06:40 | மின்கலம் 98%

மூன்று பம்புகளும் ஓடுகின்றன. பனி உருக்கும் தொட்டியில் அழுத்தம் சரி. நேற்றுச் சேர்ந்த தண்ணீர் 640 லிட்டர். வெளியே வெப்பநிலை கழித்தல் 61.

எதுவும் தெரியாத ஒருவர் எடுத்துப் படித்தாலும் புரியும்படி இந்தக் குறிப்பை எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே முதலில் விவரம். நான் குற்றாலிங்கம், வயது ஐம்பத்து மூன்று, பம்பு மெக்கானிக். செவ்வாயில் நாங்கள் முந்நூற்று நாற்பது பேர் நெடுங்குகை என்னும் குடியிருப்பில் வாழ்கிறோம். அதற்கு வடக்கே 410 கிலோமீட்டரில் உள்ள இந்த ஒற்றை ஆள் நீர் நிலையத்தின் பெயர் மேட்டுக்கேணி. ஒருவருக்கு அறுபது நாள் முறை. அறுபதாம் நாள் வண்டி வந்து தண்ணீரையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு போகும்.

இம்முறை என்னோடு ஒரு நாயும் வந்திருக்கிறது. பெயர் பட்டாணி. பழுப்பு நிறம், ஆறு வயது. நெடுங்குகை, எரிமலைக் குழம்பு ஓடி வற்றிய பழைய சுரங்கம். ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் கேட்கும். இந்த நாய் பகலெல்லாம் குரைக்கும். நூற்றுப் பன்னிரண்டு பேர் புகாரில் கையெழுத்திட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது, ஏனென்றால் என் படுக்கையை ஒட்டிய சுவருக்கு அப்பால்தான் அதன் கூண்டு. குடியிருப்புக் குழுவின் தீர்ப்பு: புகார் கொடுத்தவரே கூட்டிக்கொண்டு போய்த் திருத்தட்டும். தொடர்ந்து இருபது மாலை அழைப்புகளில் அதன் குரல் கேட்காவிட்டால் அறுபதாம் நாள் என்னோடு வண்டியில் திரும்பலாம். கேட்டால், அதே வண்டியில் அதைக் கொல்லும் ஊசி வரும்.

நாள் 1 | 18:05

மாலை அழைப்பு என்றால் இது: தினமும் ஆறு மணிக்கு நெடுங்குகையின் வானொலி அறையிலிருந்து மச்சாது ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிடுவார். தூத்துக்குடிக்காரர், முப்பது வயது. முதலில் ஒரு மணியொலி வரும். உடனே இங்குள்ள மைக் தானாகத் திறந்து அரை நிமிடம் திறந்திருக்கும். இங்கிருந்து அதை மூட முடியாது. ஆள் விழுந்து கிடந்தால் முனகலாவது கேட்கட்டும் என்று அப்படி அமைத்தார்கள். அங்கே சாப்பாட்டுக் கூடத்து ஒலிபெருக்கியில் எல்லோரும் கேட்பார்கள்.

"மேட்டுக்கேணி, இருக்கியளா அண்ணாச்சி?"

"இருக்கேன்."

நாய், ஒன்பது முறை.

"அதுவும் இருக்குன்னு தெரியுது. மெஸ்ல பாதிப் பேரு தட்டோட எந்திரிச்சிட்டாவ. மொத நாளே முட்டை மார்க்கு அண்ணாச்சி."

நிலையத்தின் ஒலிக்கருவி எல்லாச் சத்தத்தையும் எண்ணி வைக்கிறது. இன்றைய குரைப்பு: 611.

நாள் 4 | 19:10 | 98%

எப்போது குரைக்கிறது என்று மூன்று நாள் குறித்தேன். பம்பு தொடங்கும்போது. பம்பு நிற்கும்போது. வானொலி மணிக்கு. ஜன்னலில் தெரியும் தன் நிழலுக்கு. நான் சாப்பிடும்போது, சாப்பிட்டு முடித்தபிறகு.

ஜன்னலைத் துணியால் மூடினேன். பலன் கொஞ்சம். பம்பு அறைக் கதவின் விளிம்பில் ரப்பர் ஒட்டினேன். பலன் இல்லை. நிலையத்தைச் சுற்றியுள்ள மூடிய நடைபாதையில் தினமும் நாற்பது சுற்று ஓடவிட்டேன். இங்கே எடை குறைவு, ஒரு தாவலில் இரண்டு மீட்டர் போகிறது. களைத்துப் படுத்தது. படுத்துக்கொண்டே குரைத்தது. அதட்டினேன். அதட்டும்போது வாலை ஆட்டுகிறது. முகத்தில் தண்ணீர் தெளித்தேன். நக்கிக்கொண்டு மறுபடி குரைத்தது, இன்னொரு முறை தெளிக்கச் சொல்வதுபோல.

குரைப்பு: 702.

நாள் 6 | 18:30 | 97%

அழைப்புக்குப்பின் மருத்துவர் ஹமீதா பானு தனி அலைவரிசையில் பேசினார். அவர்தான் குழுவின் தலைவரும்.

"சார், நீங்க திட்டினா அதுக்கு என்ன புரியும்? ஆள் வந்துட்டாருன்னு புரியும். அதுக்குத்தானே குரைக்குது?"

"தண்ணி தெளிச்சும் பாத்தேன் டாக்டர்."

"அதுவும் ஆள் வந்ததுதான். இங்க சுவாச ஆராய்ச்சி பண்ணாரே, பூமிக்குத் திரும்பிட்டாரே, அவரோட குறிப்பைத் தேடிப் படிச்சேன். நுரையீரல் அளவு எடுக்கறதுக்கு ஒவ்வொரு குரைப்புக்கும் ஒரு பிஸ்கட் குடுத்திருக்காரு. ரெண்டு வருஷம். சம்பளத்துக்குக் குரைச்ச நாய் சார் அது. சம்பளம் நின்னுபோச்சு, வேலை முடிஞ்சுதுன்னு யாரும் அதுகிட்ட சொல்லல."

"இப்ப நான் என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. பாக்காதீங்க, பேசாதீங்க, தொடாதீங்க. அது குரைக்கிற வரைக்கும் நீங்க அங்க இல்லவே இல்ல. முதல்ல ஏறும். ஏறித்தான் இறங்கும். பாவமேன்னு நடுவுல ஒரு தடவை எடுத்துக் கொஞ்சினீங்கன்னு வைங்க, இவ்ளோ நேரம் கத்தினாத்தான் கிடைக்கும்னு அது கத்துக்கும். அப்புறம் அல்லாதான் காப்பாத்தணும்."

நாள் 8 | 20:00 | 97%

இரண்டாம் நாளாக நான் இங்கே இல்லை. அது என் காலடியில் நின்று குரைக்கிறது. நான் பம்பின் வால்வைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறேன். குரைப்பு: 1,140. அவர் சொன்னதுபோல் ஏறுகிறது.

இதில் கடினமானது சத்தம் அல்ல. இந்த வட்டாரத்தில் உயிருள்ள இன்னொன்று அது மட்டும்தான். அதைப் பார்க்காமல் இருப்பதற்கு நாள் முழுவதும் எங்கேயாவது பார்க்க வேண்டியிருக்கிறது.

நாள் 9 | 16:45

நான்கு மணி நேரம் பத்து நிமிடம் நிறுத்தாமல் குரைத்தது. தொண்டை கட்டிக் குரல் காற்றாக வந்தது. பிறகு வாந்தி எடுத்தது. தூக்கிக்கொண்டேன். கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டது. இரண்டு நிமிடம் வைத்திருந்தேன், தவறு என்று தெரிந்தே.

நாள் 10 | 18:20

இன்று நான்கு மணி நேரம் முப்பத்தைந்து நிமிடம். டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னும் நல்லாப் பழக்கிட்டீங்க. முதல்லேர்ந்து ஆரம்பிங்க சார்" என்றார்.

நாள் 15 | 19:00 | 96%

ஐந்து நாள் முகம் திருப்பியே இருந்தேன். குரைப்பு முறையே 1,310, 980, 640, 300, 214.

நேற்றுமுதல் இரண்டாம் பாடம். மணியொலியைப் பதிவு செய்து சிறிதாக ஒலிக்கவிடுகிறேன். மூன்று நொடி வாய் திறக்காவிட்டால் உள்ளங்கையில் ஒரு பிஸ்கட் துண்டு. பிறகு ஐந்து நொடி. பத்து. குரைத்ததற்குச் சம்பளம் வாங்கியது. இப்போது சும்மா இருப்பதற்கு வாங்குகிறது. புரிந்துகொண்ட நேரத்தைக் குறித்திருக்கிறேன்: இன்று 11:52. மணி ஒலித்தது. வாயைத் திறந்தது. மூடியது. என் கையைப் பார்த்தது.

நாள் 19 | 18:02 | 96%

"மேட்டுக்கேணி, இருக்கியளா அண்ணாச்சி?"

"இருக்கேன்."

"அது?"

"இருக்கு. என் கையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு."

"ஏ, மெய்யாவா? சத்தமே இல்லியே! டாக்டரம்மா, கேட்டியளா? மெஸ்ல கை தட்டுதாவ அண்ணாச்சி. உங்களுக்கில்ல, நாய்க்கு."

குரைப்பு: 31. அமைதியான அழைப்பு: ஒன்று.

நாள் 24 | 18:10 | 93%

குரைப்பு: 6. ராத்திரி என் கால்மாட்டில் படுக்கிறது. கையோடு கொண்டுவந்த கூண்டைக் கழற்றிப் பம்பு அறையில் போட்டேன்.

தெற்கே புழுதி எழும்பியிருப்பதாக மச்சாது சொன்னார். நெடுங்குகையில் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாம். இங்கே வானம் வழக்கம்போல் இருக்கிறது.

நாள் 28 | 12:00 | 84%

புழுதி வந்து சேர்ந்தது. நண்பகலில் சூரியன் ஒரு தேய்ந்த நாணயம்போல் தெரிகிறது. சூரியத் தகடுகள் தருவது வழக்கத்தில் ஒன்பது சதவீதம். பம்புகளை நிறுத்திவிட்டேன். பம்பு அறைக்கு வெப்பமும் இல்லை. மூச்சுக்காற்று இயந்திரம், ஓர் அறைக்குச் சூடு, வானொலி. இவை மட்டும் ஓடுகின்றன.

நாள் 31 | 18:40 | 73%

என் கணக்கை மருத்துவரிடம் வாசித்துக் காட்டினேன். இங்கும் எழுதுகிறேன்.

வண்டிகள் இரண்டில் ஒன்று பழுதாகி நிற்கிறது. மற்றது முழு மின்னூட்டத்தில் 450 கிலோமீட்டர் ஓடும். இங்கே வரலாம். திரும்ப, இந்த நிலையத்துத் தகடுகளில் மின்னேற்றிக்கொள்ள வேண்டும். தெளிந்த வானத்தில் அதற்கு நான்கு நாள். இந்த வெளிச்சத்தில் முழுவதையும் வண்டிக்கே விட்டாலும் நாற்பத்து நான்கு நாள். கையோடு மின்கலம் ஏற்றி வரலாம் என்றால், உதிரி மின்கலங்கள் எல்லாம் இப்போது நெடுங்குகையின் மூச்சுக்காற்றுக்கு ஓடுகின்றன. புழுதி எப்போது அடங்கும் என்று யாருக்கும் தெரியாது. சில முறை மூன்று வாரம், சில முறை நான்கு மாதம். என் மின்கலம் இன்னும் இருபத்தைந்து நாள் தாங்கும்.

"பாத்துச் சொல்றோம் சார்" என்றார். அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. அது நல்ல குறியா என்று எனக்குத் தெரியவில்லை.

நாள் 34 | 21:00 | 65%

இன்று மூன்று முறை நானாகக் கூப்பிட்டேன். வழி இருக்கிறதா என்று கேட்டேன். மூன்று முறையும் "பாத்துச் சொல்றோம்". நேற்று ஒரு முறைதான் கூப்பிட்டேன்.

குரைப்பு: 0. முழு நாளில் முதல் முறை.

நாள் 36 | 18:05 | 59%

மணி ஒலித்தது. மைக் திறந்தது. யாரும் பேசவில்லை. "இருக்கேன்" என்றேன். அரை நிமிடம் கழிந்து மூடிக்கொண்டது.

நாள் 37 | 20:30

மீண்டும் அதே. கவச உடை அணிந்து வானொலிக் கம்பத்தில் ஏறிக் கம்பிகளைச் சோதித்தேன். புழுதியைத் துடைத்தேன். பழுது இல்லை. தானாக ஒலிபரப்பாகும் வானிலைச் செய்தி தெளிவாகக் கேட்கிறது. பத்து முறை கூப்பிட்டேன். பதில் இல்லை.

நாள் 38 | 22:00 | 53%

இருபத்தாறு முறை.

முதலில் விதிப்படி நிலையப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு மச்சாதுவைப் பெயர் சொல்லி. பிறகு மருத்துவரை. பிறகு பெயரெல்லாம் சொல்லவில்லை. "யாராவது பேசுங்கய்யா" என்று கத்தினேன். ஒலிக்கருவி என் சத்தத்தையும் எண்ணியிருக்கிறது.

இன்றைய அழைப்போடு இருபது அமைதியான அழைப்புகள் முடிந்தன. நாய் தேறிவிட்டது. அதைச் சொல்லிக்கொள்ள ஆளில்லை.

நாள் 39 | 07:15 | 50%

விடிந்ததும் புரிந்தது. இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

அவர்களுக்கு நான் கேட்கிறேன். வண்டியை அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். கணக்கு என்னுடையதுதான்; நானாக இருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன். ஆனால் என் குரல் தினமும் சாப்பாட்டுக் கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த முடிவு நிற்காது. யாராவது ஒருவர் பொறுக்க முடியாமல் வண்டியை எடுத்துவிடுவார். பதில் சொன்னால் நான் இன்னும் கூப்பிடுவேன். பதில் சொல்லாவிட்டால் முதலில் ஏறும். பிறகு இறங்கும்.

பாக்காதீங்க, பேசாதீங்க, தொடாதீங்க.

டாக்டர் என்னை வெறுக்கவில்லை. இந்த நாயையும் அவர் வெறுக்கவில்லை.

நாள் 40 | 18:03 | 47%

மைக் மூடும் நொடியில் இரண்டு தட்டல்கள் கேட்டன. மேசையில் விரல் முட்டியால் தட்டியதுபோல. மச்சாது!

தொடர்ந்து மூன்று மணி நேரம் கூப்பிட்டேன்.

நாள் 42 | 23:00 | 41%

நேற்றுத் தட்டல் இல்லை. இன்றும் இல்லை. நாற்பத்தொரு முறை கூப்பிட்டேன். சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னேன். நெடுங்குகையின் முதல் குழாயை மாட்டியவன் நான் என்றேன். நீங்கள் குடிக்கும் ஒவ்வொரு மடக்கும் என் கை பட்டது என்றேன். இங்கே கைகள் மரத்துப்போகின்றன என்றேன். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அழுதேன். இதை எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். நடந்ததை எழுதுவதுதான் குறிப்பு.

நாய் மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. நான் கத்தி முடிக்கும்வரை அருகில் வரவில்லை. ஓய்ந்தபிறகு வந்து படுத்தது.

நாள் 43 | 18:03

இரண்டு தட்டல்கள்.

மச்சாது செய்வது, ஒன்பதாம் நாள் நான் செய்தது. பாவம் பார்த்து இரண்டு நிமிடம் தூக்கிக்கொண்டேன் அல்லவா? அதனால் அந்த நாய்க்கு ஐந்து நாள் கூடுதல் வேதனை. இந்தத் தட்டலுக்காக நான் காலையிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாளையும் பார்ப்பேன். இது இல்லாவிட்டால் ஒருவேளை எப்போதோ ஓய்ந்திருப்பேன்.

குரல் போய்விட்டது. காற்றுதான் வருகிறது.

நாள் 46 | 15:20 | 29%

இரண்டு நாளாக நான் கூப்பிடவில்லை. அழைப்பு மணிக்கும் "இருக்கேன்" சொல்லவில்லை. திட்டம் எதுவும் இல்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அறையின் சூட்டை எட்டு டிகிரிக்கு இறக்கினேன். நாயும் நானும் ஒரே போர்வை.

சற்று முன், அழைப்பு நேரம் அல்லாத நேரத்தில், மச்சாதுவின் குரல் வந்தது. கிசுகிசுப்பாக. ஒலிக்கருவியிலிருந்து சொல்லுக்குச் சொல் எடுத்து எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, நான்தான். ஒருவழியாத்தான் பேசுதேன், உங்க மைக்கத் தொறந்தா இங்க வெளக்கு எரிஞ்சிரும். பேசக் கூடாதுன்னு டாக்டரம்மா உத்தரவு. ஸ்பீக்கரையும் கழட்டிட்டாவ. ஆனா நீங்க அழுததை மெஸ்ல அதுக்கு முன்னாடியே கேட்டுட்டாவல்லா. ஒருத்தருக்கும் சோறு எறங்கல. ரெண்டு நாளா சத்தம் இல்லன்னதும் ஒரே சண்டை. இப்ப முடிவு பண்ணியிருக்கு. நாளைக்கு ஆறு மணிக்கு ஸ்பீக்கரத் திருப்பி மாட்டி, எல்லாரும் நின்னு கேக்கப்போறோம். உங்ககிட்டேர்ந்து சத்தம் வந்தா நாலு பேரு வண்டி எடுக்கோம். நான் ஒருத்தன். சத்தம் வரலன்னா விட்டிரணும்னு டாக்டரம்மா எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாவ. கணக்கு எல்லாம் தெரியும், நீங்க சொல்ல வேண்டாம். ஒரு வார்த்தை போதும் அண்ணாச்சி. இருமுனாக்கூடப் போதும்."

பேச்சு முடிந்தது. நான் வானொலிப் பொத்தானின்மேல் விரலை வைத்திருந்தேன். அழுத்தவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

நாள் 47 | 10:30 | 25%

கணக்கை மறுபடி போட்டேன். நான்கு பேர் வருவார்கள். வண்டி இங்கே நிற்கும்போது அதில் ஒன்பது சதவீதம் மிச்சம் இருக்கும். ஐந்து பேர், ஒரு நாய், இந்த மின்கலம். இரண்டு நாள் தாங்கும். நெடுங்குகையில் ஓடும் வண்டி இருக்காது. புழுதி அடங்கியபின் மற்ற நீர் நிலையங்களுக்குப் போகவும் வழி இருக்காது.

வேறு ஏதாவது எண் தப்பாக இருக்கிறதா என்று ஏழு முறை பார்த்தேன். தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வராதீர்கள் என்று சொல்லலாம். ஆனால் அதைச் சொன்னாலே குரல் கேட்டுவிடும். கேட்டபின் மச்சாதுவை யாரும் நிறுத்த முடியாது. வானொலிக் கம்பியை அறுத்துவிடலாம். அறுத்தால் மணி இங்கே வந்து சேராது, மைக் திறக்காது, அங்கே பழுது என்று காட்டும். பழுது என்றால் ஆள் உயிரோடு இருக்கலாம் என்று கிளம்புவார்கள். ஆகவே மைக் திறக்க வேண்டும். திறந்து, எதுவும் கேட்கக் கூடாது.

வரட்டும் என்று ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நாள் 47 | 17:40

நாயைப் பம்பு அறையில் அடைத்துவிடலாம். அங்கே உறைகுளிர். ஆனால் பத்து நிமிடம்தானே, போர்வை சுற்றி விட்டால் தாங்கும். அதுதான் பத்திரமான வழி.

அடைக்கவில்லை. என் அருகிலேயே உட்காரவைத்திருக்கிறேன். காரணத்தை எழுதாமல் விடுகிறேன்.

நாள் 47 | 18:20

மணி ஒலித்தது. நாய் எழுந்து வானொலியின் முன் போய் உட்கார்ந்தது.

அரை நிமிடம் இல்லை. இம்முறை அவர்கள் மைக்கை நான்கு நிமிடம் திறந்து வைத்தார்கள்.

"மேட்டுக்கேணி, இருக்கியளா அண்ணாச்சி?"

நான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். மூக்கால் மெல்ல மூச்சு விட்டேன்.

"அண்ணாச்சி. நான் மச்சாது. இருக்கியளா?"

அவருக்குப் பின்னால் கூடம் முழுக்க ஆட்கள் நிற்பது தெரிந்தது. முந்நூறு பேர் பேசாமல் நின்றாலும் ஒரு சத்தம் இருக்கிறது. பிறகு மருத்துவர்.

"குற்றாலிங்கம் சார், என்னை மன்னிச்சிருங்க."

அப்போது கூடத்திலிருந்து ஒரு பெண் குரல், யாருடையது என்று தெரியவில்லை: "நாயக் கூப்பிடுங்கப்பா. ஆளுக்கு முடியலேன்னாலும் நாய் இருக்கும்ல?"

"பட்டாணி!" என்றார் மச்சாது. "ஏ பட்டாணி! எங்க இருக்க? குரைல! ஒரு தடவை குரைச்சிரு ராசா!"

பிறகு எல்லோரும் கூப்பிட்டார்கள். புகாரில் கையெழுத்திட்ட நூற்றுப் பன்னிரண்டு பேரும் அதில் இருந்திருப்பார்கள். பட்டாணி, பட்டாணி என்று சுரங்கம் முழுக்க எதிரொலித்தது. சிலர் குரைத்தே காட்டினார்கள். நாயின் காதுகள் நிமிர்ந்தன. உடம்பு நடுங்கியது. வாயைத் திறந்தது. நான் அதைத் தடுக்கவில்லை. என் வாயைத்தான் பொத்தியிருந்தேன், அதன் வாயை அல்ல. அது ஒரு முறை குரைத்திருந்தால் அவர்கள் வருவார்கள். நான் கூப்பிட்டதாக ஆகாது. காலையிலிருந்து நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். இப்போது எழுதிவிட்டேன்.

அது வாயை மூடியது. திரும்பி என் கையைப் பார்த்தது.

18:04:10. மைக் மூடியது.

கடைசிப் பிஸ்கட்டை இரண்டாக உடைத்துக் கொடுத்தேன். நன்றாகச் செய்தது. அதன்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

நாள் 49 | 14%

மணி வரவில்லை. நேற்றும் வரவில்லை. பட்டியலிலிருந்து மேட்டுக்கேணியை எடுத்திருப்பார்கள். வண்டி புறப்படவில்லை என்றுதான் அதற்குப் பொருள். நாலு பேரும் மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். சாப்பிடட்டும். சாப்பிடாமல் இருந்தால் நான் கோபப்படுவேன். கோபம்தான். எல்லார்மேலும்.

தகடுகளில் ஒன்றும் வரவில்லை. விளக்கை அணைக்கிறேன். எழுத மட்டும் திரை வெளிச்சம்.

நாள் 51 அல்லது 52 | 5%

மூச்சுக்காற்று இயந்திரம் விட்டு விட்டு ஓடுகிறது. கைகள் சரியாக வேலை செய்யவில்லை. எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும்.

திரையை அணைத்தால் முழு இருட்டு. நாய் பக்கத்தில் இல்லை என்று தெரிந்தது. கூப்பிட்டேன். குரல் வருகிறது, கொஞ்சம். குரை என்றேன். எங்கே இருக்கிறாய், ஒரு முறை குரை. யாருக்கும் கேட்காது, எனக்கு மட்டும்தான். அதட்டினேன். கெஞ்சினேன். நானே குரைத்துக் காட்டினேன். நான்கு முறை. ஒலிக்கருவி எண்ணியிருக்கும்.

சத்தமே இல்லை.

தரையைத் தடவிக்கொண்டு போய்க் கண்டுபிடித்தேன். வானொலியின் முன் உட்கார்ந்திருக்கிறது. உயிரோடுதான். ஆறு மணி ஆகியிருக்கும். மணி ஒலிக்காவிட்டாலும் அதற்கு நேரம் தெரிகிறது. வாயை இறுக்கி மூடியிருக்கிறது. என் உள்ளங்கையை முகர்கிறது. விரலை ஒவ்வொன்றாக முகர்கிறது. நன்றாகச் செய்தாய் என்று சொன்னேன். மறுபடி முகர்கிறது. கையில் ஒன்றும்